கணையப் புற்று முற்றிய அப்பச்சியை ஊர் வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. அப்பச்சிக்கு, அதாவது அவர் அப்பாவுக்கு, வயது 71. கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மஞ்சள்காமாலைக்குப் பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழல் வைத்தாயிற்று. உடம்பு கீமோவைத் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவரோ காரைக்குடிப் பக்கம் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போகணும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அங்கே ஆத்தாவும் (அம்மா) சமையல் ஆளும்தான். அழைத்துப் போகலாமா, உண்மையைச் சொல்லணுமா, போனால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நான் டாக்டர் இல்லை. அரசு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி பன்னிரண்டு வருஷம் தேவகோட்டை, புதுவயல், காரைக்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய் இப்படிப் படுத்திருப்பவர்களைத்தான் பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டர்தான் சொல்லணும்.

அழைத்துப் போங்கள். ஆனால் சென்னையை விட்டுக் கிளம்பும் முன்னால் வலிக்கு வழி செய்துகொண்டு கிளம்புங்கள். கணையப் புற்றின் வலி பொல்லாதது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அவர் இரவில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? இருந்தால் வலியை உங்களிடம் மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வலிக்கென்றே ஒரு ஊசி இருக்கிறது. கணையத்துக்குப் பின்னால் உள்ள நரம்புப் பின்னலை மரத்துப்போகச் செய்வது, சீலியாக் பிளெக்ஸஸ் பிளாக் என்பார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனாலும் பெரிய மருத்துவமனையில் இருக்கும்போதே "இவருக்குப் போடலாமா" என்று கேட்டுவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு அதற்காக மறுபடி நானூறு கிலோமீட்டர் அலைய முடியாது.

அடுத்தது மார்பின். இந்தப் பேரைச் சொன்னதுமே வீட்டில் பாதிப் பேருக்கு முகம் மாறும். "மார்பின் கொடுத்தா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்று ஒரு பெரியவர் சொல்வார், "பழகிப்போயிரும்" என்று இன்னொருவர். இரண்டும் தப்பு. வலியின் அளவுக்குத் தக்கபடி, கொஞ்சத்தில் தொடங்கி, டாக்டர் சொல்படி கூட்டிக் கொடுக்கும் மார்பின் ஆளைக் கொல்லாது. வலி போனதும் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும். அதனால் வலி வந்த பிறகு கொடுப்பது இல்லை, மணி பார்த்துக் கொடுப்பது. நடுவில் திடீரென்று வலி கிளம்பினால் கூடுதலாக ஒன்று எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். ராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே போகணும். இதை விட்டுவிட்டு எட்டாம் நாள் "வயிறு ஊதிக்கிச்சு, மார்பின் ஒத்துக்கலை" என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, எழுப்பவே முடியாத தூக்கம் என்றாலோ உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும்.

இந்த மாத்திரை நினைத்த கடையில் கிடைக்காது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்பினுக்கு அடுக்கடுக்காக லைசென்ஸ் கேட்டதில், மருத்துவமனைகளே அதை வாங்கி வைப்பதை விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் இருக்காது, அதனால் கிளம்பும்போதே நாள் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தீரும் முன் காரைக்குடியிலா, சிவகங்கையிலா, மதுரையிலா, எங்கே கிடைக்கும் என்று போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். நோயின் சுருக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

கல்லல் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரை மறக்க முடியாது. அவருக்கும் கணையம்தான். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு வைத்தேன். அடுத்த வாரம் போனால், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்றைத் தலைமாட்டிலிருந்து எடுத்தார். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பற்றில் வலி, வரவில் தூக்கம். "இரவு 2.10, வலி 7. 2.15 மாத்திரை. 2.50, வலி 3. தூங்கியாச்சு." கை நடுங்கிய எழுத்து, ஆனால் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் டாக்டர் இரவு டோஸை மாற்றினார். அப்பச்சியிடமும் ஒரு நோட்டைக் கொடுங்கள். வலி எவ்வளவு என்று ஆத்தாவிடமோ உங்களிடமோ கேட்டு எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் வாயால் சொல்லணும்.

பயணம். பல்லவன் ரயிலில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்தே வரணும், அவரால் முடியாது. ராமேஸ்வரம் போகும் இரவு வண்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பின்சீட்டில் சாய்ந்து படுக்கிற மாதிரி கார். கிளம்ப அரை மணி முன்னால் ஒரு டோஸ்.

இப்போது வீடு. வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டு வீட்டைப் படம் எடுக்க வருவார்கள். நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கக்கூஸ், குளியலறை எல்லாம் கடைசிக் கட்டில். ஒவ்வொரு நிலைவாசலிலும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டணும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை தண்ணீர் பட்டால் வழுக்கும். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகள் நகைக்கும் சாமானுக்கும் கட்டியவை. இருட்டு, காற்று வராது. "அது அவர் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) வந்த அறை, அங்கேதான் படுக்கணும்" என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். பட்டாலைக் கூடத்திலோ வளவின் ஓரத்திலோ, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிகிற இடமாகக் கட்டிலைப் போடுங்கள். எந்த இடம் என்று முதலில் அவரையே கேளுங்கள். ஒரு ஆச்சி அடுப்படி வாசல் தெரிகிற இடம்தான் வேண்டும் என்றார். தாளிக்கிற வாசனை அவருக்குக் குமட்டல் தரும் என்று பயந்தோம். "வாசனை வேணாம்டி, யார் என்ன செய்றாகன்னு பாக்கணும்" என்றார்.

பழைய தேக்குக் கட்டில் உயரம் அதிகம், இறங்கினால் விழுவார். தலைப்பக்கம் தூக்கிவிடும் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுங்கள். கட்டிலுக்கு அருகிலேயே கமோடு சேர். வீல்சேர் போகிற வழியில் நிலைக்கு இரண்டு பக்கமும் பலகையைச் சரிவாகப் போட்டு வையுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் ஏர் பெட் கரண்டில் ஓடுவது, கரண்ட் போனால் இறங்கிவிடும், அதனால் இன்வெர்ட்டரில் இணைப்புக் கொடுங்கள். தானாகப் புரள முடியாமல் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இடுப்பு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் வந்தீர்களென்றால் முற்றத்துச் சாரல் படாத பக்கமாகக் கட்டில். கொசுவலை கட்டாயம்.

சாப்பாட்டில்தான் வீட்டுப் பெண்கள் மனசு உடைவது. ஆத்தா அவருக்கு ஐம்பது வருஷம் போல ஆக்கிப் போட்டிருப்பார். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று அவர் தட்டைத் தள்ளும்போது, தன் கையையே தள்ளியது போல இருக்கும். இந்த நோயில் பசி செத்துப்போகும், அது யார் குற்றமும் இல்லை என்று ஆத்தாவைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து நாறினால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். பான்கிரியாட்டின் கேப்ஸ்யூல் தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அது சாப்பாட்டோடு சேர்த்துப் போடணும், முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போட்டால் பலன் குறையும். கிண்ணத்தில் கொஞ்சமாக, அவர் கேட்கிற நேரத்தில். கும்மாயம் என்கிற உளுந்து இனிப்பு வேண்டும் என்றால் ஒரு ஸ்பூன் கொடுங்கள். உளுந்து செரிக்காது, சர்க்கரை ஏறும் என்றெல்லாம் இப்போது கணக்குப் பார்க்கத் தேவையில்லை. சர்க்கரை மிகவும் ஏறி ஓயாமல் தாகமும் மூத்திரமும் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். பப்பாளி இலைச்சாறு, அந்த மூலிகை, இந்தப் பொடி என்று உறவினர் குரூப்பில் தினம் ஒன்று வரும். படித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே குமட்டுகிற வயிற்றில் கசப்பை ஊற்றுவது ஒரு கொடுமை.

சரி, அல்சர் கதைக்கு வருவோம்.

அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நம்புகிறீர்கள். நான் அப்படி நம்பவில்லை. உடம்பு பாதியாக இளைத்திருக்கிறது, கண் மஞ்சளாகிறது, பிள்ளைகள் மாடியில் போய்ப் பேசுகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. எழுபத்தோரு வயது ஆள் இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க மாட்டாரா? கண்டனூர்ப் பக்கம் ஒரு ஆச்சிக்கு வயிற்றில் கட்டி. வீடே சேர்ந்து மறைத்தது, நானும் வாயைத் திறக்கக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்கள். உள்ளே போனால், பேத்தி சாமான் அறையைத் திறந்துபோட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வெண்கலப் பானை, எனாமல் தூக்கு, மங்கு ஜாடி எல்லாம் வரிசையாக. ஆச்சி கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, பேத்தி துண்டுச் சீட்டில் பேர் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டுகிறாள். "இது மூத்தவளுக்கு. அது உன் ஆத்தாளுக்கு, அவ கேக்க மாட்டா, எழுது." எனக்குச் சீட்டை வாசித்துக் காட்டச் சொன்னார். கடைசியில், "எனக்குத் தெரியாதுன்னு இவுக நெனச்சுக்கிட்டிருக்காக, நீ சொல்லீறாத" என்று என்னிடமே சொல்லி வைத்தார்.

இரண்டு பக்கமும் நடிப்பு. இதில் நஷ்டம் அவருக்குத்தான். பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது, விடை கொடுக்க முடியாது, கொடுக்கல் வாங்கலை முடிக்க முடியாது. நம்மூரில் நோயின் பேரையே வாயில் எடுப்பதில்லை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அடையாறில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை வரக் காரணமாக இருந்தார். எழுபது வருஷம் ஆயிற்று. நாம் இன்னும் "அந்த வியாதி" என்கிறோம்.

அதற்காகப் போய் நின்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அவருக்கு யாரோடு மனம் ஒட்டுமோ அவர் ஒருவர் மட்டும், வலி இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன தோணுது அப்பச்சி?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். அவர் "இது அல்சர் மாதிரித் தெரியலையே" என்றால், "ஆமா, அதைவிடப் பெருசு" என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி அவரிடமிருந்து வந்தால் அதற்குப் பதில். வரவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். எனக்கு எதுவும் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு, அதற்கும் மரியாதை உண்டு. எத்தனை நாள் என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லாதீர்கள், எந்த டாக்டராலும் சரியாகச் சொல்ல முடியாது. "சரியாகிரும்" என்பதும் வேண்டாம். "வலி இல்லாமப் பாத்துக்குவோம், கூடவே இருப்போம்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பேச்சு திறந்துவிட்டால், வெண்டிலேட்டர், ஐசியு வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம், தனக்கு எந்த மாதிரி உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கியது. உயில் வேறு, இது வேறு.

என்ன ஆசை என்றும் கேளுங்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. பிள்ளையார்பட்டியோ இளையாத்தங்குடியோ, அவருடைய கோயிலுக்கு ஒரு சாயங்காலம் என்பார். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வீல்சேரில் அழைத்துப் போங்கள். மார்கழியில் ஒரு வீட்டில், தொண்டையில் புற்று உள்ள பெரியவர், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள, அதாவது நெய் மாவு உருண்டையில் நூல் திரியை ஏற்றி எரிகிறபடியே விழுங்க, முடியவில்லையே என்று அழுதார். மாவையும் நெய்யையும் விழுங்க அவருக்கு வழியில்லை. மகன்தான் யோசனை சொன்னான்: எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாருக்கும் எடுத்துக் கொடுங்கள். கட்டிலைச் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். எரிகிற இழையோடு மாவு உருண்டையை வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். பதினேழு பேர். என்னையும் கூப்பிட்டார்.

விசாரிக்க வருகிறவர்கள் பற்றி ஒன்று. ஆறு ஊர்ப் பங்காளிகளும் வருவார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவியும், "இப்படி எளச்சுப் போயிட்டீகளே" என்று தலைமாட்டில் அழுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. முகப்பில் ஒரு ஆளை உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நேரத்தில் இரண்டு பேர், மாலை நாலிலிருந்து ஆறு வரை. பகலில் இருபது பேர் வருகிற வீட்டில் ராத்திரி விழித்திருக்க ஆள் இருக்காது, ஆத்தா மட்டும்தான் இருப்பார். வாரத்துக்கு இரண்டு இரவாவது அவர் வேறு கட்டில், வேறு அறையில் தூங்கணும். அதற்கு ஆள் போடுங்கள், சம்பளம் கொடுத்தாவது. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பியிடமும் இப்போதே எல்லாம் பேசிவிடுங்கள். தள்ளி இருக்கும் பிள்ளைதான் குற்ற உணர்ச்சியோடு விமானத்திலிருந்து இறங்கி, "ஏன் ஆஸ்பத்திரியில் சேர்க்கலை" என்று கடைசி இரண்டு நாளை ஐசியுவில் கழிக்க வைப்பது.

ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. கட்டணம் இல்லை. உங்கள் ஊர் சிவகங்கை மாவட்டமா புதுக்கோட்டை மாவட்டமா என்று பார்த்துப் போங்கள், செட்டிநாட்டு ஊர்கள் இரண்டிலும் இருக்கின்றன. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்து மஞ்சளும் கூடினால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடைசி நாட்களில் தூக்கம் கூடும், தண்ணீர்கூட வேண்டாம் என்பார். அப்போது யாராவது "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வரும்" என்பார்கள். என் அம்மாவுக்கு நானே அதற்குச் சம்மதித்தேன், இத்தனைக்கும் எனக்குத் தெரியும். ஒரு நர்சிங் ஹோமில் மூன்று பாட்டில் ஏற்றினார்கள். கால் வீங்கியது, நெஞ்சில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்தார். உடம்பு அடங்கும்போது தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது. வாயை மட்டும் ஈரமாக வைத்திருங்கள், உதட்டில் கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கறகற என்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் பயம், அவர் அநேகமாக அதை உணர மாட்டார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சளியை வற்றவைக்க ஊசி உண்டு, டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

பால் ஊற்றுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கும். வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாயில் இறங்கும். இருமக்கூடத் தெம்பு இருக்காது. பாலோ காசித் தீர்த்தமோ, பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும். இதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்னதாகவே சொல்லி, அவர் வாயால் மற்றவர்களுக்குச் சொல்ல வையுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் சொன்னால் எடுபடாது. காது கடைசி வரை கேட்கலாம். சொத்துப் பேச்சை முகப்புக்குக் கொண்டுபோங்கள்.

முடிந்ததும் 108-ஐக் கூப்பிடத் தேவையில்லை. அவரைப் பார்த்து வந்த டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதியணும், கிராமம் என்றால் விஏஓவிடம். காரியங்கள் எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டிக் கிளம்பும் முன், மிச்சம் இருக்கும் மார்பின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நோட்டில் வரவு வைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள், போட்டுக் கொடுங்கள்.